ஊர் வீட்டின் வரலாற்றைக் கொழும்பிலிருந்தே தேடி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை அடுக்குமாடிகளில் இருக்கிற எங்களில் நிறையப் பேருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு இருக்கிறது, அல்லது இருந்தது. அதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பங்காளிகள் விற்கச் சொல்கிறார்கள், வாங்குகிறவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விசயம். அதற்கு முதல் அந்த வீடும் வளவும் எப்படி வந்தன, யார் கட்டினார்கள், யாரெல்லாம் அதில் சீவித்தார்கள் என்பதை எழுதி வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது. இதில் பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கொழும்பை விட்டு அசையாமலே செய்யலாம். ஒன்றைமட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வரலாறு தேடுகிறவர்களுக்கான வழிகாட்டி. உரித்துப் பிரச்சினை, வழக்கு ஏதும் இருந்தால் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும்.

முதலில் அம்மா வழியைப் பிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர் என்று ஆண்வழியில் ஏறுவார்கள். வீட்டைப் பொறுத்தவரை அந்த வழி இரண்டாம் தலைமுறையிலேயே அறுந்துவிடும். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் போனவை. அம்மாவுக்கு அம்மம்மாவிடம் இருந்து, அவவுக்கு அவவின் தாயிடம் இருந்து வந்த வீட்டுக்குள் ஆண்கள் மாப்பிள்ளைகளாக வந்து குடியிருந்தார்கள். ஊரில் அந்த வீட்டை அவர்கள் பெயரால் சொன்னாலும் காணி உறுதியில் (பத்திரத்தில்) இருக்கிறது பெண்ணின் பெயர்.

இதன் பின்னால் இருப்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707இல் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். தந்தையின் முதுசம் (பரம்பரைச் சொத்து) மகன்மாருக்கும் தாயின் சீதனம் மகள்மாருக்கும் போவதே பழைய முறை என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது, காலப்போக்கில் அது கலந்துபோனதையும் சொல்கிறது. சீதனம் வாங்கிப்போன மகளுக்குப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் பிறகு பங்கில்லை. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதை 1947இல் திருத்திய சட்டமும் இந்த விதிகளை மாற்றின. ஆகவே உங்கள் வீடு கைமாறியது எந்த ஆண்டில் என்பதைப் பொறுத்து யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் மாறும்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றில் உங்கள் காணி எது என்று முதலில் கேளுங்கள். தேடியதேட்டம் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு புருசனும் பெண்சாதியும் உழைத்து வாங்கியது, அப்போது கதை அந்தத் தலைமுறையில்தான் தொடங்குகிறது. மற்ற இரண்டும் என்றால் இன்னும் பின்னுக்குப் போகவேண்டும்.

கொழும்பு வீட்டு அலுமாரியில் இருப்பவை

1990இலும் 1995இலும் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் நகையோடு சேர்த்துக் கொண்டு வந்தது உறுதிகளைத்தான். அவை இப்போது யாரோ ஒரு பெரியம்மாவின் அலுமாரியில், பொலித்தீன் பையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடக்கும். மூத்த மகள் வழியில் யார் கொழும்பில் இருக்கிறார் என்று பார்த்து அவரிடம் முதலில் கேளுங்கள். மூலப்பிரதியைக் கொண்டுபோகக் கேட்காதீர்கள், அங்கேயே வைத்துப் படம் பிடியுங்கள். பின்பக்கத்தையும் பிடியுங்கள், ஏனென்றால் காணிப் பதிவகத்தின் முத்திரையும் தொகுதி, பக்க இலக்கங்களும் அங்கேதான் இருக்கும்.

உறுதியோடு இன்னும் மூன்றைத் தேடுங்கள். ஒன்று பிறப்பு, விவாகப் பதிவுகள். சுதந்திரத்துக்குப் பிந்திய எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதும் கூடு இருக்கிறது. ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும், ஆனால் யாரும் அந்தக் கூட்டை வாசிப்பதில்லை. இரண்டாவது சாதகக் குறிப்பு. அதில் ஆண்டு விகாரி, விளம்பி என்று பெயரில் இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்று என்பதை நினைவில் வையுங்கள்: விகாரி என்றால் 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். சாலிவாகன சகாப்தம் என்று எண் போட்டிருந்தால் 78ஐக் கூட்டுங்கள். மூன்றாவது, இறந்தவரின் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற, கல்வெட்டு என்று சொல்கிற நினைவுப் புத்தகங்கள். தேவாரம், திருவாசகம் தாண்டிப் போனால் வம்சாவளி இருக்கும், சிலவற்றில் வரைபடமாகவே இருக்கும். உங்கள் குடும்பத்தில் தொலைந்துபோனது நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் இருக்கலாம், அங்கே இப்படியான நினைவு மலர்கள் ஏராளம். கோயில் கும்பாபிசேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய ஆண்டு மலர் எல்லாவற்றையும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 57ஆவது ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

உறுதியை வாசிக்கிற முறை

பழைய உறுதியைக் கண்டவுடன் நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள், முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு ஓடுகிற வசனம் அது. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு படிப்பிரதியில் ஐந்து விசயங்களைக் கோடு போடுங்கள்: காணியின் பெயர், விஸ்தீரணம், நாலு எல்லை, கொடுத்தவருக்கு அது எப்படி வந்தது, என்ன வகை உறுதி.

காணியின் பெயர்தான் உங்கள் கைப்பிடி. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருக்கிறது. கலட்டி, புலம், வளவு, தோட்டம், சீமா என்று முடிகிற அந்தப் பெயர்கள் வீட்டு இலக்கம் வருவதற்குப் பல தலைமுறை முந்தியவை. கலட்டி என்றால் கல்லுத்தரை, அங்கே கிணறு வெட்டியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் மாறும், பெயர் மாறாது. பதிவேட்டிலும் காணி அந்தப் பெயரில்தான் கிடக்கிறது.

அளவு பரப்பு அல்லது லாச்சக் கணக்கில் இருக்கும். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. லாச்சத்தில் கவனம் வேண்டும். வரகு விதைப்பு லாச்சமும் நெல் விதைப்பு லாச்சமும் வேறு வேறு, வரகு விதைப்பு லாச்சம்தான் ஒரு பரப்புக்குச் சமன். நில அளவையாளரின் படம் சேர்ந்திருந்தால் அதில் ஏக்கர், றூட், பேர்ச் இருக்கும், 4 றூட் அல்லது 160 பேர்ச் ஒரு ஏக்கர்.

எல்லைகளை மிக நிதானமாகப் படியுங்கள். கிழக்கும் வடக்கும் இன்னாரின் காணி என்று இருக்கிற பெயர்கள் சும்மா அயலவர் பெயர்கள் இல்லை. அனேகமாக அவர்கள் ஒரே பெரிய வளவைப் பிரித்து எடுத்த சகோதரிகள், மச்சாள்மார். இரண்டு எல்லைக்காரருக்கும் உங்கள் பூட்டிக்கும் தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால், அந்த மூன்று துண்டும் ஒருகாலத்தில் ஒரே காணி என்று எடுத்துக்கொண்டு தேடலாம், பெரும்பாலும் சரியாக வரும். கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று வருகிற வரியும் அதே மாதிரித்தான். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால் கிணறு வெட்டிய பிறகுதான் காணி பிரிந்திருக்கிறது. மூன்று வீட்டுக்காரர் ஒரே துலாவில் இறைத்திருக்கிறார்கள். பிரிபடாத அரைப்பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று பின்னம் வந்தால் அந்தப் பின்னத்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு பொருத்திப் பாருங்கள். யாரோ ஒருவரைக் குடும்ப மரத்தில் தவறவிட்டிருந்தால் கணக்கு உதைக்கும், பின்னம் பொய் சொல்லாது.

வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால், சீதன உறுதியும் நன்கொடை உறுதியும் குடும்பத்துக்குள் போனதைக் காட்டும், அறுதி உறுதி விற்றதைக் காட்டும். ஈடும் ஒற்றியும் குடும்பம் நெருக்கடியில் இருந்த காலத்தைக் காட்டும். ஒற்றிக்குக் கொடுத்தால் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதில் காணியின் பலனை எடுத்துக்கொள்வார். ஆகவே ஒற்றி இருந்த ஆண்டுகளில் உங்கள் வளவு மாங்காயும் தேங்காயும் வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

தோம்பு பார்ப்பது

காணி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துக் காணிப் பதிவகத்தில்தான் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்க்கவேண்டும். ஊரில் நம்பிக்கையான ஆள் இருந்தால் அவரை அனுப்பலாம், ஆனால் ஒருமுறையாவது நீங்களே போவது நல்லது, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உறுதியின் பின்னால் இருந்த தொகுதி, பக்க இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பக்கத்தைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். பக்கத்தின் தலையில் காணியின் பெயரும் எல்லையும், கீழே ஒவ்வொரு கைமாற்றமும்: திகதி, கொடுத்தவர், பெற்றவர், நொத்தாரிசு, உறுதி இலக்கம். முந்திய பக்கம் எது, அடுத்த பக்கம் எது என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னுக்குப் போகவேண்டும். காணி வாங்குகிறவர்களுக்காகச் சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டு பார்த்துவிட்டு நிறுத்துவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்.

பக்கத்தில் ஒரு தலைமுறையே காணாமல் இருந்தால் பதற வேண்டாம். பதியாத உறுதியும் செல்லுபடியாகும், பிறகு பதியப்பட்ட இன்னொரு உறுதி போட்டிக்கு வந்தால் முந்துரிமைதான் போகும். அதனால் குடும்பத்துக்குள் கொடுத்ததைப் பலர் பதியவே இல்லை. உறுதி எழுதாமல் இறந்து உரிமை தானாகப் பிள்ளைகளுக்குப் போயிருந்தாலும் தோம்பில் தடம் இருக்காது. அந்த இடைவெளியை மரணச் சான்றிதழாலும் இறந்தவரின் ஆதனம் பற்றி மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த மரணசாதன வழக்குக் கோவையாலும் நிரப்பலாம். பங்கு பிரிப்பு வழக்கு நடந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எல்லாப் பங்காளிகளின் வம்சாவளியும் வழக்கில் எழுதப்பட்டிருக்கும், நீதிமன்றப் படமும் இருக்கும்.

நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் காணிக் கைமாற்றம் செல்லும் என்று வைத்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும், ஆகவே மூல உறுதி குண்டு வீச்சில் போயிருந்தாலும் நொத்தாரிசின் பெயரும் இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி கேட்டுப் பார்க்கலாம். காணி வன்னியில், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி என்றால் இந்த வழி பயன்படாது, பிரதேச செயலகத்துக் கோவையைத்தான் பார்க்கவேண்டும். அங்கே பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்.

கொழும்பு 5உம் கொழும்பு 7உம்

நாரஹேன்பிட்டவில் கிருல வீதியில் (இப்போது பேர்னாட் சொய்சா மாவத்தை) இருக்கிற நில அளவைத் திணைக்களத்துக்குப் போங்கள். பழைய ஓரங்குலப் படங்கள் (ஒரு மைலை ஓரங்குலத்தில் காட்டுபவை), 1:50,000 படங்கள், எல்லாவற்றையும் விட முக்கியமாக 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் எடுத்த வான்படங்கள். போருக்கு முந்திய உங்கள் ஊரை மேலிருந்து பார்ப்பதற்கு அதைவிட வழி இல்லை. ஒழுங்கை, கோயில் கேணி, குளம் இவற்றைப் பிடித்து உங்கள் வளவைக் கண்டுபிடிக்கலாம். பிறகு கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளுக்குப் போய்ப் பாருங்கள், வலிகாமம் வடக்குக் காணிகளில் வீடு எப்போது காடாகியது, எப்போது காடு வெட்டப்பட்டது என்பது படிப்படியாகத் தெரியும்.

தேசிய சுவடிகள் திணைக்களம் பிலிப் குணவர்த்தன மாவத்தையில். ஒல்லாந்தர் காலத் தோம்புகள் இங்கே இருக்கின்றன. ஆட்களைப் பதிந்தது ஒன்று, காணிகளைப் பதிந்தது இன்னொன்று, பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஞானஸ்நானம், விவாகம் பதிந்த பாடசாலைத் தோம்பு வேறு. பழைய ஒல்லாந்த மொழி வாசிக்கவேண்டும் என்பதால் நேரே இதில் குதிக்காதீர்கள். முதலில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிவுகளைப் பாருங்கள்: அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள், வர்த்தமானிகள். 1869 முதல் 1896 வரை யாழ்ப்பாணத்தில் அதிபராக இருந்த துவைனம் துரையின் காலத்தில் உங்கள் ஊருக்கு வீதி, குளம், கொலரா என்று ஏதாவது வந்திருந்தால் எழுதப்பட்டிருக்கும். பழைய பத்திரிகைகளும் அங்கே பார்க்கலாம், மரண அறிவித்தலும் காணி ஏல விளம்பரமும் நல்ல சரக்கு. மிஷன் ஊர்க்காரருக்கு இன்னொரு வழி: அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கி வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பரவியது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் பதிவேடு சிவில் பதிவை விடப் பழையதாக இருக்கும்.

வீட்டைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய எந்த வீட்டு வரலாறும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. 19ஆம் நூற்றாண்டு நாற்சார் வீடு என்றால் திருவாங்கூருக்குப் போன புகையிலைக் காசாக இருக்கலாம். 1900க்குப் பிறகு கட்டியது என்றால் மலாயாவைச் சந்தேகியுங்கள். ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய காசும் பென்சனும் எத்தனையோ ஊர்களில் கல்வீடாக நிற்கின்றன. 1905இல் கொழும்பு ரயில் பாதை முழுதாகத் திறந்த பிறகு கொழும்பு அரசாங்க உத்தியோகக் காசும் சேர்ந்தது. கடிதங்கள், மணியோடர் துண்டுகள், பென்சன் புத்தகம் எதுவும் கிடைத்தால் விடாதீர்கள்.

வீடு தானே சில திகதிகளைச் சொல்லும். ஊருக்குப் போகும்போது ஒரு மீற்றர் நாடா, டோர்ச், கொப்பி கொண்டுபோங்கள். ஓட்டைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று இருந்தால் வீடு 1865இல் கட்டியது என்று எழுதிவிடாதீர்கள், அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்டின் கைக்குப் போயின, ஆகவே பாசல் பெயர் இருந்தால் முந்தியது, கொமன்வெல்த் பெயர் இருந்தால் பிந்தியது. ஒரே கூரையில் இரண்டும் கலந்திருந்தால் கூரை பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. சுவரில் சுண்ணாம்புச் சாந்தா சீமெந்தா, வளை பனையா பர்மாத் தேக்கா, நிலைக்கு மேலே ஆண்டு செதுக்கியிருக்கிறதா, கிணற்றுக் கட்டில் எழுதியிருக்கிறதா, சங்கடப்படலை இருந்த அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 அளவில்தான் வந்தது. ஒவ்வொரு அறையையும் அளந்து ஒரு தரைப்படம் கீறுங்கள், அழகாக இருக்கத் தேவையில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். பனை, தென்னை, மா எல்லாவற்றையும் அதில் குறியுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

பழைய கதை சொல்லுங்கோ என்று கேட்டால் பெருமைக் கதைதான் வரும். காணியைப் பற்றிக் கேளுங்கள். "மாமி, ஆர் தண்ணி இறைச்சது? கூரை வேய ஆர் வந்தது? கிடுகு எங்கே பின்னினது? பின் வளவிலே ஆர் இருந்தவை?" தரைப்படத்தை முன்னால் வைத்துக் கேட்டால் இன்னும் நன்றாக வரும், கை தானாக ஒரு மூலையைக் காட்டும்.

பின் வளவு என்ற கேள்வியைத் தயவுசெய்து விடாதீர்கள். உறுதியில் பெயர் வராத ஆட்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். கிணறு வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், சீவல் தொழிலாளர், குடிமை என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கப்பட்ட குடும்பங்கள். அவர்களுக்கு அந்த வளவில் குடியிருக்க இடம் இருந்தது, உறுதி இருக்கவில்லை. கிணற்றில் அள்ள உரிமையும் இருக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் இப்போதும் ஊரில் இருக்கலாம். மரியாதையோடு போய், அவர்களுக்கு விருப்பம் இருந்தால், அவர்களுடைய ஞாபகத்தையும் கேட்டு எழுதுங்கள், அவர்கள் சொல்வது உங்கள் பெரியப்பா சொன்னதோடு ஒத்துவராவிட்டாலும் எழுதுங்கள். சாதி பற்றிய பகுதியை மறைத்துவிட்டு எழுதினால் அது வீட்டின் வரலாறாக இருக்காது.

இடப்பெயர்வு ஆண்டுகளுக்குத் தனியாக ஒரு தாள் வையுங்கள். எப்போது வெளிக்கிட்டது, சாவி யாரிடம் கொடுத்தது, பிறகு யார் இருந்தார்கள், ஆமி எடுத்ததா, இயக்கம் எடுத்ததா, இடம்பெயர்ந்த வேறு குடும்பம் இருந்ததா, எப்போது திரும்பப் பார்த்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே தாள் பொருந்தும். பத்து ஆண்டு எதிர்ப்பில்லாமல் ஆண்டால் உரித்து வந்துவிடும் என்பது பொதுவான சட்டம். ஆனால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தங்கள் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு 2016இல் விசேட சட்டம் வந்தது, அதனால் இந்தத் திகதிகளை நாள் மாதம் வரை சரியாக எழுதுவது வரலாற்றுக்கு அப்பாலும் உதவும்.

எழுதி வைக்கிற விதம்

ஆண்டு வரிசையில் ஒரு நீண்ட அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது உறுதியில் கண்டதா, ஆள் சொன்னதா, உங்கள் ஊகமா என்று குறியுங்கள். அப்புறம் அதை வைத்து வசனமாக எழுதலாம். எழுதி முடித்ததும் கனடாவுக்கும் லண்டனுக்கும் ஒரு பிரதி, ஊரில் ஒரு பிரதி, நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி. வெளியே கொடுக்கிற பிரதியில் உறுதி இலக்கம், தோம்புத் தொகுதிப் பக்கம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து தெரிகிற படம் எதையும் சேர்க்காதீர்கள். ஆள் இல்லாத காணிகளுக்குக் கள்ள உறுதி முடிக்கிறவர்களுக்குத் தேவையானது இவைதான். அந்த விவரங்கள் உள்ள முழுப் பிரதியை வீட்டில் ஒருவரிடமும், குடும்பம் நம்புகிற சட்டத்தரணியிடமும் மட்டும் வையுங்கள்.